பைக்கில் ஆயில் கசிவா? பவுடர் தூவிப் பாருங்கள்

இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டினால், சொட்டும் இடத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், அப்புறம் அது கீழே வழியும். கசிவு பெரும்பாலும் அதற்கு மேலே, சற்று முன்னால் இருக்கும்.

நன்றாக ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள். சந்தேகமான இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, திறந்த வெளியில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். வெள்ளைப் பவுடரில் எங்கே முதலில் ஈரக்கோடு விழுகிறதோ அதுதான் இடம்.

கசிவது டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்) என்றால் வாஷரை மாற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும். டேப்பட் கவர் (இன்ஜின் தலையில் வால்வுப் பகுதியை மூடும் மூடி) என்றால், அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அல்லது கேஸ்கெட்டை (இடைவெளியை அடைக்கும் தகடு) மாற்ற வேண்டும். கியர் லிவர் ஷாஃப்ட் அருகே என்றால், ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்ற வேண்டும். கசிகிறதே என்று போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். இன்ஜின் கேஸ் அலுமினியம், மரை போய்விட்டால் செலவு பல மடங்கு. ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியிருந்தால், ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா பாருங்கள்.

பின் டயரிலோ பிரேக்கிலோ ஆயில் பட்டிருந்தால், அதைச் சரிசெய்யும் வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்.