வாக்குப்பதிவு இயந்திரத்தில் சந்தேகமா? பூத் ஏஜெண்ட் செய்ய வேண்டியவை

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டபோது வாக்குச்சீட்டையே புத்தகம் போல அச்சடிக்க வேண்டியிருந்தது. அருகிலுள்ள ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால், ஒரு சாவடிக்கு ஐந்து பேலட் யூனிட்களை (வாக்காளர் பட்டன் அழுத்தும் பெட்டிகளை) வரிசையாக இணைத்தார்கள். சீட்டுக் காலத்து முகவர் தன் கண்ணால் எண்ணிப் பார்க்க முடிந்தது. இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருளை எந்த முகவரும் படித்துப் பார்க்க முடியாது. அதன் மூலநிரலைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வழக்கை வாக்குச்சாவடியில் நடத்த இயலாது. அங்கே நடத்தக்கூடியது எண் கணக்கு மட்டுமே.

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), ஹைதராபாத் இசிஐஎல் ஆகிய அரசு நிறுவனங்கள் தயாரிக்கும் இந்த இயந்திரங்களில், நிரல் ஒரே ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதிக்கப்படுவதாகவும், வெளித்தொடர்பு எதுவும் இல்லை என்றும் தேர்தல் ஆணையம் கூறுகிறது. வாக்குகளைப் பதிவு செய்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரிவது பட்டனின் எண் மட்டுமே. எந்தப் பட்டன் எந்தக் கட்சிக்கு என்பது தொகுதிக்குத் தொகுதி மாறும். 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கொங்க்ரைப் ஆகிய ஆய்வாளர்கள் அன்றைய மாதிரி ஒன்றில் காட்டிய தாக்குதல்களுக்கும், அதாவது திரைப் பலகையை மாற்றுவதற்கும் நினைவகத்தில் கருவியைப் பொருத்தி வாக்குகளைத் திருத்துவதற்கும், இயந்திரம் கைக்குக் கிடைத்தாக வேண்டியிருந்தது. ஆகவே இயந்திரத்தை யார், எப்போது தொட்டார்கள் என்பதே முதல் கேள்வி.

வேட்பாளரின் பெயரும் சின்னமும் விவிபேட்டுக்குள், அதாவது யாருக்கு வாக்கு பதிவானது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் கருவிக்குள், ஏற்றப்படுவது, வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகுதான். வெளியிலிருந்து தரவு உள்ளே போகும் கட்டம் இது என்பதால், கட்சியில் விவரம் தெரிந்த ஒருவரை அன்றைக்குக் கட்டாயம் அனுப்புங்கள். அப்போது 5 சதவீத இயந்திரங்களில் தலா 1,000 வாக்குகள் போட்டுப் பார்க்கப்படும். எவற்றைச் சோதிப்பது என்பதை உங்கள் தரப்பும் தேர்ந்தெடுக்கட்டும். குலுக்கல் முறையில் எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்று ஒதுக்கிய பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கென்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே தொடங்கிவிடும். தாமதமாக வரும் முகவருக்காக நெடுநேரம் காத்திருக்க மாட்டார்கள். குறைந்தது 50 வாக்குகள் பதிவாக வேண்டும் என்பது விதி. பெரும்பாலான சாவடிகளில் எல்லோருக்கும் இரண்டு, மூன்று என்று சமமாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டு பட்டன்கள் இடம் மாறியிருந்தால் சமமான வாக்குகள் அதைக் காட்டிக்கொடுக்காது. எனவே ஒருவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு நான்கு, மற்றவருக்கு ஏழு என்று வெவ்வேறு எண்ணிக்கையில், நோட்டா உட்பட எல்லாப் பட்டன்களையும், வரிசை மாற்றியும் அழுத்தச் சொல்லி, ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். “ஏனுங்க சார், எல்லாப் பட்டனையும் ஒருக்கா பாத்துரலாமுங்க” என்று பணிவாகக் கேட்டால் மறுப்பவர் அரிது. பல பேலட் யூனிட்கள் இருந்தால் அவற்றின் வரிசை எண் சரியாக அமைந்திருக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பிறகு கன்ட்ரோல் யூனிட் காட்டும் முடிவு, விவிபேட் சீட்டுகளின் எண்ணிக்கை, உங்கள் தாள் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கிளியர் செய்த பின் மொத்தம் பூஜ்யம் காட்டுவதையும், சீட்டுப் பெட்டி காலியாக இருப்பதையும் பார்த்த பிறகே, கன்ட்ரோல் யூனிட்டை மூடி முத்திரையிடும் பச்சைக் காகிதத்தில் கையொப்பமிடுங்கள்.

குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகோ, சில நூறு வாக்குகளுக்குப் பிறகோ மட்டும் குணம் மாறும் நிரலை விடியற்காலை 50 வாக்குகளால் பிடிக்க முடியாது. அதற்கான மாற்று, உண்மையான வாக்காளர் ஏழு வினாடி பார்த்த சீட்டுகளை எண்ணுவதுதான். 2019இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. இது போதாது என்றே கருதுகிறேன். சந்தேகமுள்ள வேறு சாவடியின் சீட்டுகளையும் எண்ணும்படி வேட்பாளர் எழுத்துமூலம் கோரலாம். இயந்திரமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும்.

சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகல் இல்லாமல் மாலையில் எழுந்து வராதீர்கள். இயந்திரங்களின் எண்கள், முத்திரை எண்கள், பதிவேட்டின்படி வாக்களித்தவர்கள், இயந்திரம் காட்டும் மொத்தம் அனைத்தும் அதில் இருக்கும். நீங்கள் நாள் முழுவதும் குறித்துவந்த எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டு, ஒரு வாக்கு வேறுபட்டாலும் அங்கேயே எழுதிக் கேளுங்கள்.

2024இல் நீலகிரித் தொகுதியின் இயந்திரங்களைப் பூட்டி வைத்த இருப்பறையில் கேமராத் திரைகள் சுமார் இருபது நிமிடம் அணைந்தன. அறை திறக்கப்பட்டதா என்ற பதற்றத்துக்கு விடை, வாக்கு எண்ணும் நாளில் மேசைக்கு வரும் இயந்திரத்தின் எண்களும் முத்திரை எண்களும் உங்கள் 17சி நகலோடு பொருந்துகின்றனவா என்பதில்தான் கிடைக்கும்.

உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சில்லு நினைவகத்தைப் பொறியாளர்களைக் கொண்டு சரிபார்க்கக் கோரலாம். முடிவு அறிவித்த ஏழு நாட்களுக்குள் மனு சேர வேண்டும். செலவை முதலில் வேட்பாளரே ஏற்க வேண்டும், இயந்திரம் முறைகேடாகத் திருத்தப்பட்டது உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும். எந்தச் சாவடியின் எந்த இயந்திரம் என்று மனுவில் குறிப்பிட வேண்டியிருப்பதால், 17சி நகல்கள் அனைத்தையும் வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே தொகுதி அலுவலகத்தில் சாவடி வாரியாக அடுக்கி வையுங்கள்.