ஹீட்டிங் செலவைக் குறைப்பது எப்படி? தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

ஹீட்டிங் பில் எகிறினால் பலரும் முதலில் கை வைப்பது அறை வெப்பநிலையை அமைக்கும் தெர்மோஸ்டாட்டில்தான். அதைக் கடைசிக்கு வையுங்கள். சூடு வெளியேறும் வழியை அடைக்காமல் வெப்பநிலையை மட்டும் குறைத்தால் வீட்டில் எல்லோரும் நடுங்குவார்கள். இரண்டே நாளில் தெர்மோஸ்டாட் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும்.

படி 1: குளிர்காற்று புகும் இடத்தை அடைத்துவிடுங்கள்

காற்று பலமாக வீசும் நாளில் ஜன்னல், கதவுகளை மூடுங்கள். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழாமல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறதா? அங்கேதான் இடைவெளி. திறந்து மூடும் பகுதிக்கு ஒட்டும் ஃபோம் டேப், அசையாத விரிசலுக்கு சிலிகோன் சீலன்ட், கதவின் அடிப்பக்கத்துக்கு பிரஷ் பட்டை. டேப் ஒட்டும் முன் சட்டத்தைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தூசியின் மேல் ஒட்டினால் சீக்கிரமே உரிந்துவிடும். அளவுக்கு மீறித் தடிமனான டேப்பும் வேண்டாம். ஜன்னல் முழுதாக மூடாமல் புது இடைவெளி உண்டாகும்.

கேஸ் பாய்லர், விறகடுப்பு இருக்கும் அறையின் காற்றுத் துவாரங்களை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைப் பறிக்கும். அதற்கான அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.

படி 2: ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை வெளியேற்றுங்கள்

ரேடியேட்டரின் (பாய்லரிலிருந்து வரும் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) அடிப்பகுதி சூடாகவும் மேற்பகுதி குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. ஹீட்டிங்கை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். மேல் மூலையில் உள்ள சிறு வால்வில் ரேடியேட்டர் சாவியைப் பொருத்தி, கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும். தண்ணீர் சீராக வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். திருகை முழுவதும் கழற்றிவிட்டால் பீய்ச்சும் தண்ணீருக்கு நடுவே திரும்ப மாட்டுவது பெரும்பாடு.

பிறகு பாய்லரின் பிரஷரைப் பாருங்கள். பெரும்பாலான மூடிய அமைப்புகளில், ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்னபடி தண்ணீர் நிரப்புங்கள். மேலே சூடாக இருந்து அடி நடுவில் மட்டும் குளிர்ந்தால் அது துருச்சேறு. காற்றை வெளியேற்றுவதால் தீராது, ஆளை அழைத்துக் கழுவ வேண்டும்.

படி 3: பாய்லர் நீரின் சூட்டைக் குறையுங்கள்

கண்டென்சிங் வகை (புகையோடு போகும் வெப்பத்தையும் மீட்கும்) பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் நீரை 75 டிகிரியிலிருந்து 60-க்கு இறக்கிப் பாருங்கள். திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, வீணாகும் வெப்பத்தைத் திருப்பித் தரும். அறை சூடாகக் கூடுதல் நேரமாகும். கடுங்குளிரில் போதவில்லையென்றால் 5 டிகிரி ஏற்றுங்கள். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீட்டில் தொட்டி நீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும்.

படி 4: இப்போது தெர்மோஸ்டாட்

வாரத்துக்கு ஒரு டிகிரியாகக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் குளிர்காலத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச அறை வெப்பநிலை 18 டிகிரி. முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருந்தால் அதைவிடக் கூடுதலாக வையுங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-க்கு ஏற்றுவதால் வழக்கமான பாய்லர் வேகமாக வேலை செய்யாது. நிறுத்த மறந்து பில்தான் ஏறும்.

மின் ஹீட்டர் வாங்குவதற்கு முன்

1500 வாட் ஹீட்டர் 4 மணி நேரம் முழுவீச்சில் ஓடினால் 6 யூனிட். ஆயில் ரேடியேட்டரோ ஃபேன் ஹீட்டரோ, ஒரு யூனிட்டுக்குத் தரும் வெப்பம் ஒன்றுதான். ஒரே அறையில் சிறிது நேரம் உட்காருவதற்குச் சரி, வீடு முழுக்க என்றால் கட்டுப்படியாகாது. எக்ஸ்டென்ஷன் கார்டில் செருகாமல் நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் கார்டின் வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் அதைத் துடைத்துவிட்டு, ஹீட்டிங்கை நிறுத்தி, ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். ஈரக்காற்று போய்விடும், அதற்குள் சுவர்கள் ஆறிவிடாது.