சர்வர் ஓஎஸ்ஸை மாற்றலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கிரானைட் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் தம்பி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "அண்ணா, சர்வர் இன்னும் விண்டோஸ் சர்வர் 2016-லயே ஓடுது. 2022 போட்டுடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றான். பென்டிரைவில் எல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருந்தான்.

2019-ல் இதே வார்த்தையை நானும் ஒரு முதலாளியிடம் சொன்னேன். அதன் பலனைப் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டைக் குறித்து வைப்பது, யூபிஎஸ் பேட்டரியைச் சோதிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெயின்ஸ்ட்ரீம் முடிந்தது என்றதும் பதறுவது

விண்டோஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு முடிய மெயின்ஸ்ட்ரீம், எக்ஸ்டெண்டெட் என்று இரண்டு தேதிகள் உண்டு. மெயின்ஸ்ட்ரீம் முடிந்தால் புதிய வசதிகள் வராது, அவ்வளவுதான். பாதுகாப்பு அப்டேட் எக்ஸ்டெண்டெட் தேதி வரை வந்துகொண்டேதான் இருக்கும். 2012 ஆர்2-க்கு அது 2023 அக்டோபர் 10-ல் முடிந்தது. 2016-க்கு 2027 ஜனவரி 12, 2019-க்கு 2029 ஜனவரி 9, 2022-க்கு 2031 அக்டோபர் 14. விற்க வருபவர் பெரும்பாலும் முதல் தேதியைச் சொல்லித்தான் பயமுறுத்துவார். நீங்கள் இரண்டாவது தேதியைக் கேளுங்கள்.

"நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுவது

இது மறுபக்கத் தவறு. 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியதே, அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். ஆனால் சர்வர் 2003 வைத்திருந்தவர்களுக்கு மார்ச்சில் எதுவும் வரவில்லை, ஏனென்றால் அதற்கான ஆதரவு 2015 ஜூலையிலேயே முடிந்திருந்தது. ஊரெல்லாம் அடிபட்ட பிறகுதான் அவசரமாக ஒன்றைக் கொடுத்தார்கள். தேதி தாண்டிய சர்வர் என்றால் மாற்றலாமா என்ற கேள்வியே கிடையாது, எப்போது என்பது மட்டும்தான்.

சர்வரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வரும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. சர்வர் 2008 ஆர்2-ல் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜனவரி 14-ல் ஆதரவு முடியப்போகிறது, அதனால் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னது சரிதான். புது மெஷின் வாங்கினோம், சர்வர் 2019 போட்டேன், ஃபோல்டர்களையெல்லாம் அதே பெயரில் நகர்த்தினேன். அலுவலகத்தில் இருந்த ஏழு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு போன். எடைமேடையில் ரசீது வரவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கேபின். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. எடைமேடை இண்டிகேட்டரிலிருந்து வரும் ஒயர் அதன் சீரியல் போர்ட்டில் சொருகியிருக்கும். லாரி மேடையில் ஏறினால் எடை அங்கே வரும், அந்த புரோகிராம் சர்வரில் இருக்கும் ஒரு ஃபைலைத் திறந்து அடுத்த ரசீது எண்ணை எடுக்கும், பிறகுதான் பிரிண்ட். அந்த கேபினுக்குள் நான் போகவே இல்லை. அலுவலகக் கட்டடத்துக்குள் இருந்ததை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 என்ற பழைய முறையில்தான் சர்வரோடு பேசத் தெரியும். சர்வர் 2019-ஐப் புதிதாகப் போட்டால் எஸ்எம்பி1 அதில் இருக்காது, நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. அது பாதுகாப்பில்லாத முறை என்பதால் எடுத்துவிட்டார்கள், வான்னாக்ரை புகுந்ததும் அந்த வழியாகத்தான். இது எனக்கு அன்றைக்கு முன்பே தெரியும். தெரிந்தும் எக்ஸ்பி அங்கே இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோடு வரைக்கும் லாரிகள் நின்றன. எல்லாம் கூழுக்குப் போகும் பெங்களூரா மாங்காய். வெயில் ஏற ஏறத் தார்ப்பாய்க்கு அடியில் சூடு கட்டி, பழுத்த வாடை அடிக்க ஆரம்பித்தது. போச்சம்பள்ளி பக்கமிருந்து இரவே கிளம்பி வந்த ஒரு பெரியவர், "எடை போட்டு ஒரு சீட்டு குடு சாமி, நான் போயிடறேன்" என்று என்னிடம் வந்து கேட்டார். நான்தான் அதை நிறுத்தியவன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நோட்டில் கையால் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நோட்டுக் கணக்கைச் சரிக்கட்ட அக்கவுண்ட்ஸில் இருந்த அம்மாவுக்கு ஒரு வாரம் ஆனது.

அப்போது கூட இருந்த ஒருவர், "எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். இதைத்தான் இன்றைக்கும் புதியவர்கள் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதுகாப்புக்காக லட்சக்கணக்கில் செலவழித்து சர்வரை மாற்றிவிட்டு, பழைய ஓட்டையை நம் கையாலேயே திறந்து வைப்பதற்கு அது சமம். தற்காலிகம் என்று திறந்ததை யாரும் திரும்பப் போய் மூடியதாக நான் பார்த்ததில்லை.

பழைய சர்வரை நான் அழிக்காமல் வைத்திருந்தேன், அது ஒன்றுதான் காப்பாற்றியது. புதியதை நெட்வொர்க்கிலிருந்து எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினேன். பதினொரு மணிக்கு ரசீது வந்தது. சீசன் முடிந்த பிறகு, எடைமேடை சாஃப்ட்வேர்காரரிடம் புது வெர்ஷன் வாங்கி, கேபினில் வேறு கம்ப்யூட்டர் வைத்து, அதன் பிறகே சர்வரை மாற்றினோம்.

இதைத் தவிர்க்க வழி கஷ்டமானதே இல்லை. சர்வர் 2016-ல், எஸ்எம்பி1-ஐ யார் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்து வைக்கும் ஆடிட் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், பழைய முறையில் வந்து கேட்கும் ஒவ்வொரு மெஷினின் ஐபி முகவரியும், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 3000 என்ற எண்ணில் பதிவாகும். இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். சம்பளம் போடும் நாள், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11-ம் தேதி, 20-ம் தேதி எல்லாம் அதற்குள் வர வேண்டும், முழுதாக ஒரு மாதம். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேட் முதல் கோடவுன் வரை நடங்கள். ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடும் ஜெராக்ஸ் மெஷின், கைரேகை வைக்கும் மெஷின், சிசிடிவி பெட்டி, டாங்கிள் (லைசென்ஸுக்கான யூஎஸ்பி சாவி) சொருகி ஓடும் டிசைன் சாஃப்ட்வேர், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, புது ஓஎஸ்ஸில் ஓடும் என்று சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். வாய்வார்த்தை போதாது, மெயிலில் வாங்குங்கள்.

ஓஎஸ் விலையை மட்டும் பட்ஜெட்டில் எழுதுவது

சர்வரைப் பயன்படுத்துபவர்களுக்கென வாங்கும் கால் (CAL) லைசென்ஸ் 2016-க்கு வாங்கியது என்றால் 2022-க்குச் செல்லாது. ஆளுக்கோ மெஷினுக்கோ ஒன்று என்று மறுபடி வாங்க வேண்டும். தருமபுரி கிளையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் டாலி கணக்கு சாஃப்ட்வேரைத் திறப்பவர்களுக்குத் தனியாக ஆர்டிஎஸ் கால் (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான CAL) வேண்டும், அதற்கும் பழையது ஆகாது. சர்வர் லைசென்ஸ் புராசஸரில் இருக்கும் கோர் கணக்கில் வரும். உங்கள் மெஷினில் எட்டு கோர்தான் என்றாலும் குறைந்தது 16 வாங்கியாக வேண்டும். முதலாளியிடம் பாதி விலையைச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு மீதியைக் கேட்டு நிற்காதீர்கள்.

இருக்கும் ஒரே டொமைன் கன்ட்ரோலர் மீதே புதியதைப் போடுவது

வேண்டாம். டொமைன் கன்ட்ரோலர்தான் அலுவலகத்தில் எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர். புது மெஷினை இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராகச் சேர்த்து, பொறுப்புகளை அதற்கு மாற்றி, ஒரு வாரம் ஓடவிட்டு, பிறகு பழையதை இறக்குங்கள். 2003 காலத்தில் தொடங்கிய டொமைன் என்றால் எஃப்ஆர்எஸ் (டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிரும் பழைய முறை) இன்னும் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் 2019-ஓ அதற்குப் பிந்தையதோ சேராது. முதலில் அதே வேலையைச் செய்யும் புது முறையான டிஎஃப்எஸ்ஆர்-க்கு மாற்ற வேண்டும்.

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்புவது

வேறொரு மெஷினில் எடுத்துப் போட்டு டாலி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அப்கிரேடு பேச்சே எடுக்க வேண்டாம்.

லினக்ஸ் என்றால் தேதி இல்லை என்று நினைப்பது

லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தது.

மாம்பழ சீசனில் கை வைப்பது

கூடாது.

அந்தத் தம்பி பென்டிரைவை மேஜை டிராயரில் வைத்துவிட்டு ஆடிட்டை இயக்கினான். போன வாரம் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பதினொரு ஐபி முகவரிகள். பத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். பதினொன்றாவது எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாலிஷ் ஷெட்டுக்குள் கேபிள் போகும் வழியே நடந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.