காருக்குள் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் கீறல் விழுவது எதனால்? துடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வண்டி எடுத்த சில மாதத்திலேயே கியர் லீவரைச் சுற்றியுள்ள பியானோ பிளாக் எனப்படும் பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் பகுதியில் மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தது. துணி மஞ்சள் துணியா, விலை உயர்ந்த மைக்ரோஃபைபரா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சென்னைத் தூசியில் மணல் கலந்திருக்கும். கடற்கரை, கட்டடவேலை, மெட்ரோ பள்ளம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. ஜன்னல் கண்ணாடியே அதில் 5.5 அளவுதான், பிளாஸ்டிக் அதைவிட எவ்வளவோ கீழே. துணி பூப்போல இருந்தாலும், அடியில் சிக்கிய ஒரு துகள் கோடு போட்டுவிடும். போதாததற்கு, உலரத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி, துடைத்த இடத்திலேயே தூசி மறுபடி வந்து ஒட்டும்.

ஆகவே, கை வைப்பதற்கு முன் தூசி போயிருக்க வேண்டும். கேமரா கடைகளில் கிடைக்கும் ரப்பர் புளோயரால் முதலில் ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஏசி வென்ட், ஸ்விட்ச் இடுக்குகளில் மிருதுவான மேக்கப் பிரஷ் போதும். அழுத்தாமல் தூசியைத் தட்டிவிட்டு, வேக்குவம் முனையைப் பக்கத்திலேயே பிடியுங்கள். வேக்குவத்தின் பிளாஸ்டிக் முனை மட்டும் பரப்பில் படக்கூடாது.

அடுத்த தவறு தண்ணீர். போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் உப்பு அதிகம். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும், அதைப் போக்க மறுபடி தேய்க்க வேண்டிவரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் விலை குறைவுதான். அரை லிட்டரில் இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு போதும். அதற்கு மேல் விட்டால் நுரையைத் துடைத்தெடுப்பதே தனி வேலையாகிவிடும்.

இந்தக் கலவையைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். நேராக மீட்டர் மேலேயோ ஸ்க்ரீன் மேலேயோ அடித்தால், ஓர இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். துணி 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மைக்ரோஃபைபராக இருக்கட்டும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். நான்காக மடித்தால் மாற்றி மாற்றி எட்டு முகம் கிடைக்கும். ஒரே திசையில் நேராக ஒரு இழுப்பு, உடனே முகத்தை மாற்றுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். நேர்க்கோட்டில் விழுந்த கீறல் ஒரு கோணத்தில்தான் தெரியும். வட்டக் கீறலோ வெயில் எந்தப் பக்கம் பட்டாலும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கடைசியில் ஷாம்பு கலக்காத டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை, பிறகு உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும்.

வெயிலில் நின்ற வண்டியை உடனே தொடாதீர்கள். மே மாதத்தில் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். தெளித்தது துடைப்பதற்குள் காய்ந்து கறையாகும். காலை நேரம் அல்லது நிழலில் ஆறிய பிறகு நல்லது. ஸ்க்ரீனை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மிச்சத் தூசி தெரியும்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டுவது மிகவும் வருத்தமான பழக்கம். பக்தியோடு வைத்த பொட்டு, நிரந்தரத் தழும்பாகிவிடுகிறது. ஈரத் துணியை அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே போட்டுவைத்தால் இளகிவிடும், ஒற்றி எடுத்துவிடலாம். மஞ்சள் கறை சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் ஊறிவிடும் என்பதால் பூஜை முடிந்த மறுநாளே எடுத்துவிடுங்கள். விபூதி, ஊதுபத்திச் சாம்பலை ஊதித்தான் எடுக்க வேண்டும்.

அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், சானிடைசர், தின்னர் இவற்றை மீட்டர் மூடியிலோ டச் ஸ்க்ரீனிலோ படவிடாதீர்கள். மூடி மங்கலாம், முடி போன்ற வெடிப்புகள் வரலாம், ஸ்க்ரீனின் மேல்பூச்சு உரியலாம். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பூசிய கையும் பிளாஸ்டிக்கை அரிக்கும். பற்பசையும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் உராய்ந்து சுத்தம் செய்பவை, பளபளப்பான பரப்புக்கு ஆகவே ஆகாது. சிலிக்கான் பாலிஷ் கீறலைக் கொஞ்ச நாள் மறைக்கும்; பிறகு பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும். டேஷ்போர்டில் போட்டால் முன்கண்ணாடியில் பளபளப்பு பிரதிபலித்து, ஓட்டும்போது பார்வையை மறைக்கும்.

காலையில் வண்டி துடைக்க வருபவரிடம் உள்பக்கத்துக்கென்று தனித் துணி கொடுத்துவிடுங்கள். சக்கரத்தைத் துடைத்த துணி உள்ளே வந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. பளபளப்பான பகுதியை உங்கள் கையாலேயே துடைப்பது இன்னும் நல்லது.

ஏற்கெனவே விழுந்த மெல்லிய கீறலுக்கு பிளாஸ்டிக் பாலிஷ் உண்டு. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். மேல்பூச்சு உள்ள ஸ்க்ரீனில் மட்டும் போடவே கூடாது. புது வண்டியானால் பியானோ பிளாக் பகுதிக்கு பிபிஎஃப் என்ற ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம், சென்னை ஜி.பி. ரோட்டில் உள்ள கார் உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

மைக்ரோஃபைபரைத் தனியாகத் துவையுங்கள், டர்க்கி டவலோடு போட்டால் அதன் பஞ்சு ஒட்டும். துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் ஊற்றினால் இழைகள் தூசியைப் பிடிக்காது. நிழலில் காயவைத்து மூடிய கவரில் வையுங்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள்.