1987 நியூட்ரினோ தரவு: கடிகாரத்திலேயே தொடங்கிவிடும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குத் தரவு அலசப் பழக்கும்போது, 1987-இல் வெடித்துத் தெரிந்த நட்சத்திரமான சூப்பர்நோவா 1987ஏ-யைத்தான் கொடுக்கிறேன். அதிலிருந்து வந்த நியூட்ரினோக்களை (எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்கள்) மூன்று கருவிகள் பிடித்தன. ஜப்பானின் காமியோகாண்டேவில் 12, அமெரிக்காவின் ஐஎம்பியில் 8, ரஷ்யாவின் பக்சானில் 5. மொத்தம் 25 நிகழ்வுகள், ஒரே தாளில் அடங்கிவிடும். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் அவசரமும் வருகிறது.

முதல் தவறு நேரத்தில். நியூட்ரினோ வந்தது 1987 பிப்ரவரி 23, உலக நேரம் காலை 7.35. ஜப்பானில் மாலை 4.35, நமக்குப் பிற்பகல் 3.35. (1981 முடியும் வரை மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரம் உலக நேரத்துக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. பழைய குறிப்புகளை மாற்றுபவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.) நேர வலயத்தைச் சரிசெய்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். காமியோகாண்டே 7:35:35 என்றும் ஐஎம்பி 7:35:41 என்றும் குறித்திருப்பதைப் பார்த்து, அமெரிக்காவுக்கு 6 விநாடி தாமதம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுத முடியாது. காமியோகாண்டே கடிகாரம் ஒரு நிமிடம் வரை முன்பின்னாக இருக்கலாம் என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது. ஐஎம்பியின் பிழையோ வெறும் 50 மில்லி விநாடி. ஒவ்வொரு கருவிக்கும் அதன் முதல் நிகழ்வைப் பூஜ்ஜியமாக வையுங்கள். இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தெரியாத எண்ணாகவே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆற்றல். ஐஎம்பியின் சராசரி காமியோகாண்டேவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடனே 'அங்கே சூடான நியூட்ரினோ வந்தது' என்று முடிவுகட்டக் கூடாது. ஐஎம்பியின் வாசல், அதாவது அது பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 20 எம்இவி (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு), காமியோகாண்டேவுக்கு 7.5 அளவில். போதாததற்கு, மின்வழங்கி ஒன்று பழுதாகி ஐஎம்பியின் ஒளிக்குழாய்களில் (மங்கிய ஒளியை உணரும் குழாய்கள்) கால்வாசி அன்று அணைந்திருந்தன. எந்த ஆற்றலில் எத்தனை சதவீதம் பிடிபடும் என்ற வளைவைச் சேர்க்காமல் சராசரி எடுப்பது வீண் வேலை. இன்னொன்று: அட்டவணையில் இருப்பது, நியூட்ரினோ மோதியதால் பிறந்த பாசிட்ரானின் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) ஆற்றல். நியூட்ரினோவின் ஆற்றல் வேண்டுமென்றால் சுமார் 1.3 எம்இவி கூட்டுங்கள். காமியோகாண்டேவின் ஆறாவது நிகழ்வு வெறும் 6.3 எம்இவி, பின்னணி இரைச்சல் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கினால் அதைச் சொல்லிவிட்டு ஒதுக்குங்கள்.

பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுவது அந்த 7 விநாடி மௌனம். காமியோகாண்டேவில் 2 விநாடிக்குள் 9 நிகழ்வுகள், பிறகு ஒன்றும் இல்லை, 9 விநாடிக்கு மேல் மூன்று. நட்சத்திரம் இரண்டு தடவை வெடித்தது என்று ஒரு கதையே எழுதிவிடலாம்! ஆனால் முதல் நிகழ்வுகளைப் பொருத்தி வைத்தால் ஐஎம்பியின் கடைசி மூன்றும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. 12 எண்களில் இப்படி ஓட்டை விழுவது இயல்பு.

திசையை நம்பாதீர்கள். புரோட்டானில் மோதிப் பிறக்கும் பாசிட்ரான் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் போகும். சூப்பர்நோவா வெடித்த பெரிய மெகல்லன் மேகம் (பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலம்) நம் ஊரில் தெற்கு அடிவானத்திலிருந்து 16 பாகைக்கு மேல் ஏறாது, செம்பனை மறைத்துவிடும். அந்த மேகத்தின் பக்கம் காட்டும் நிகழ்வுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் வேண்டியது கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

நியூட்ரினோ ஒளியை முந்தியதற்குக் காரணம் வேகம் இல்லை. வெடிப்பின் அதிர்வலை நட்சத்திரத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்த பிறகே ஒளி கிளம்பியது. அப்புறம், மோன் பிளாங்க் மலைக்கடியில் இருந்த கருவி கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் முன்பே பதிந்த 5 நிகழ்வுகளை இந்த 25-உடன் கலக்காதீர்கள். தனிக் கோப்பில் வையுங்கள்.