ட்ரைபொட் இல்லாமல் கமராவை ஆடாமல் பிடிப்பது எப்படி

நம் மலைநாட்டில் படம் எடுக்க ஆசை வருவது விடியற்காலையிலும், பின்னேரம் மூடுபனி இறங்கும்போதும்தான். அந்த நேரத்தில் வெளிச்சம் குறைவு, கமரா ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், கை லேசாக ஆடினாலும் படம் போச்சு. ட்ரைபொட் நல்ல சாமான்தான், ஆனால் ஹட்டன் பஸ்ஸில் நின்றபடி போகிற ஆளுக்குச் சரிவராது.

முதலில் எது ஆடியது என்று பாருங்கள்

மங்கலாக வந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொழுந்து பறிப்பவரின் விரல்கள் மட்டும் இழுபட்டு, பக்கத்து இலையின் விளிம்பு தெளிவாக இருந்தால் ஆடியது அவர் கை. அதற்கு ட்ரைபொட்டும் உதவாது, ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். இலை, கூடை, இலை மேல் நிற்கும் பனித்துளி எல்லாமே ஒரே பக்கமாகக் கோடு இழுத்த மாதிரி வந்தால் ஆடியது கமரா. கோடே இல்லாமல் எல்லாம் மங்கல் என்றால் போகஸ் பிழை, இல்லாவிட்டால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது, துடையுங்கள்.

அப்புறம் ஷட்டர் வேகம்

பழைய கணக்கு ஒன்று உண்டு: 50 மி.மீ. லென்ஸ் என்றால் குறைந்தது 1/50 செக்கன், 200 மி.மீ. என்றால் 1/200. சென்சர் (படம் பதியும் சில்லு) சிறிய கமராவாக இருந்தால் ஒன்றரையால் பெருக்குங்கள், 50க்கு 1/80 அளவில் வரும். இருட்டில் அந்த வேகம் கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓவை (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) தயங்காமல் கூட்டுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பிறகு ஓரளவு திருத்தலாம், ஆடிய படத்தைத் திருத்துவது பெரும்பாடு. சூமை இழுப்பதற்குப் பதில் பத்தடி முன்னால் நடப்பதும் நல்லது.

உடம்பு

இடக்கை லென்ஸுக்கு அடியில், முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி, கமரா நெற்றியில் அழுந்தட்டும். போன் என்றாலும் இரண்டு கையாலும் பிடியுங்கள், திரையைத் தட்டாமல் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். தேயிலைச் சரிவில் ஒரு காலைக் கீழே வைத்து நிற்பதைவிட உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றுவது எவ்வளவோ மேல் (அட்டை ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்). மூச்சைப் பாதி வெளியே விட்டு, அந்த இடைவெளியில் மெதுவாக அழுத்துங்கள். சிவனொளிபாத மலை உச்சியில் சூரியன் எழும்புவதை எடுக்கப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் முன்னதாகவே ஏறி, இளைப்பு அடங்கட்டும். படி ஏறிய நெஞ்சு அடிக்கிற அடியே கமராவை ஆட்டும்.

கயிறு

எனக்குப் பிடித்தது இதுதான், செலவும் சில்லறைக் காசு. கமராவின் அடியில் இருக்கும் ட்ரைபொட் துளை கால் இன்ச், இன்ச்சுக்கு 20 புரி. ஹாட்வெயார் கடையில் அப்படியே சொல்லிக் கேளுங்கள். சிலவேளை எம்6 (மில்லிமீட்டர் அளவுப்) போல்ட்டைத் தருவார்கள், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் புரி வேறு, முடுக்கினால் கமராவின் புரி தேய்ந்துவிடும். போல்ட்டில் ஒரு நட்டைப் போட்டு, நாலு மில்லிமீட்டர் அளவுதான் உள்ளே போகிற மாதிரி நிறுத்துங்கள், அதற்கு மேல் திருகினால் அடித்தட்டில் இடிக்கும். போல்ட்டின் தலைப் பக்கம் நைலோன் கயிற்றின் நடுவை இறுகக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் பாதம் நுழைகிற வளையம் போடுங்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு வளையத்தை மிதித்து, கால்களை அகட்டி, கயிறு விறைக்கும்வரை கமராவை மேலே இழுத்துக் கண்ணில் வையுங்கள். ஒற்றைக் கயிறு மேல் கீழ் ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும், இரட்டையாக முக்கோணம் போல விரிந்தால் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். கை பழகியதும் 1/60 கேட்கிற இடத்தில் 1/30இல் எடுக்கலாம், அதற்கும் கீழே என்னால் நம்பிச் சொல்ல முடியாது.

பை

டெவன், சென் கிளேயர் மாதிரி நீர்வீழ்ச்சியில் தண்ணீர் பஞ்சாக வர வேண்டுமென்றால் ஷட்டர் கால் செக்கனாவது திறந்திருக்க வேண்டும், அதைக் கையில் பிடித்து எடுப்பது நடக்காத காரியம். பழைய துணிப்பையில் கௌபியோ பருப்போ முக்கால்வாசி நிரப்பித் தையுங்கள், கல் மதில் மேல் வைத்து, கமராவை அதில் அமுக்கிப் பதித்து, இரண்டு செக்கன் டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். போனின் இரவு மோடுக்கும் இதே பை போதும். மதில் இல்லாமல் இரும்புக் கம்பி வேலி என்றால் பக்கத்தில் லொறி போகும்போது எடுக்காதீர்கள், அதிரும். மழை நாளில் பையைப் பொலித்தீனில் சுற்றுங்கள், கௌபி நனைந்தால் முளைத்துவிடும்!

ரயில்

பதுளை ரயிலில் மட்டும் எல்லாம் தலைகீழ். ஜன்னல் சட்டத்தில் கையையோ கமராவையோ ஊன்றினால் பெட்டியின் அதிர்வு அப்படியே படத்துக்குள் வந்துவிடும். ஆசனத்தில் சாயாமல் இருந்து, முழங்கையைக் காற்றில் விட்டு, 1/500க்குக் குறையாமல் வையுங்கள்.

கடைசியாக, எங்கே எடுத்தாலும் ஒன்றோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாக நாலைந்து எடுங்கள். முதல் படத்தில் பொத்தானை அழுத்திய ஆட்டம் இருக்கும், நடுவில் வருவதுதான் பெரும்பாலும் தெளிவு. அங்கேயே சின்னத் திரையைப் பார்த்து அழிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்து அழியுங்கள்.