தோசை வார்க்கிறோம், ஆங்கிலத்தில் என்ன செய்கிறோம்?

தோசையை வார்க்கிறோம், இட்லியை அவிக்கிறோம், வடையைச் சுடுகிறோம். 'தோசை சமைத்தேன்' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் சொன்னவருக்குத் தமிழ் புதிது என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி ஜோடிகள் உண்டு. அவற்றைப் பிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத நினைக்கும் வாக்கியத்தின் பெயர்ச்சொல்லை முதலில் எழுதுங்கள். வினைச்சொல்லைத் தமிழிலிருந்து கொண்டுபோகாதீர்கள். நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் 'டேக் மெடிசின்'. மிகவும் கவனிக்க வேண்டிய சொல் 'போடு'. லைட், காபி, சட்டை, சண்டை எல்லாவற்றையும் நாம் போடுகிறோம். ஆங்கிலத்தில் 'டர்ன் ஆன் த லைட்', 'மேக் காபி', 'புட் ஆன் எ ஷர்ட்', 'ஹாவ் எ ஃபைட்' என்று நான்குக்கும் நான்கு வினைகள்.

படி 2: அடைமொழியையும் அப்படியே சோதியுங்கள். நமக்குப் பலத்த மழை, பலத்த காற்று. அவர்களுக்கு மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. டீயும் 'ஸ்ட்ராங்'தான். ஏன் என்று கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம், வழக்கு அப்படி.

படி 3: ஐயம் வந்தால் கூகுள் என்கிராம் வியூவரைத் திறங்கள். அச்சிட்ட புத்தகங்களில் ஒரு தொடர் எவ்வளவு வந்திருக்கிறது என்று ஆண்டுவாரியாகக் காட்டும் இலவசக் கருவி இது, 2010இல் வந்தது. 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் ரெயின்' இரண்டையும் ஆங்கில எழுத்தில், நடுவே காற்புள்ளி வைத்துத் தட்டுங்கள். முதல் கோடு எங்கோ உயரத்தில் இருக்கும்.

படி 4: பொருளே மாறிவிடும் இடங்களைத் தனியாகக் குறியுங்கள். சலூனுக்குப் போய்வந்து 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரிக்கோல் பிடித்ததாகப் புரிந்துகொள்வார்கள். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. வகுப்பில் நாம் கேட்கும் 'ஐ ஹாவ் எ டவுட்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ, ஆசிரியர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று தோன்றக்கூடும். அங்கே 'ஐ ஹாவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். மரியாதை கருதியாவது இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

படி 5: நோட்டில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 'டிசிஷன்' என்றால் அதன் கீழே 'மேக் எ டிசிஷன்', 'ரீச் எ டிசிஷன்', 'டஃப் டிசிஷன்'. ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிய வாக்கியமாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெயர்ச்சொல் போதும்.